சொரசொரப்பான பிரஷ் ஃபான்டோடு மூன்று வருடம்

"நீங்க போஸ்டர்ல போடுற அந்த பிரஷ் ஸ்கிரிப்ட் ஃபான்ட், நானும் வாங்கட்டுமா?" என்று நண்பர் நேற்று கேட்டார். பிரஷ்ஷால் கையெழுத்துப் போல எழுதிய மாதிரி இருக்கும் ஆங்கில எழுத்துரு அது. ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை.

பிடித்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். போஸ்டர் தலைப்பில் இரண்டே சொல், நல்ல பெரிய அளவில் போட்டுப் பாருங்கள். ஆங்கில 'டி' (t) எழுத்தின் குறுக்குக் கோடு இடப்பக்கம் மை நிறைந்து தடிப்பாகத் தொடங்கும், போகப் போக மை தீர்ந்து, கடைசியில் பிரஷ் மயிர் ஒவ்வொன்றும் தனிக் கீற்றாகப் பிரிந்து நடுநடுவே காகிதத்தின் வெள்ளை தெரியும். ஒரே மூச்சில் இழுத்த கை அது. மூன்று வருடம் ஆகியும் அந்தக் கோட்டைப் பெரிதாக்கிப் பார்ப்பதில் எனக்கு அலுப்பு வரவில்லை.

எரிச்சலும் அதே கீற்றுகளால்தான். ஆங்கிலத்தில் 'லெட்டர்' என்று அடித்தால் நடுவில் இரண்டு டி வரும். இரண்டிலும் அதே இடத்தில் அதே கீறல், கீறலுக்குப் பக்கத்தில் அதே புள்ளி. கையால் எழுதுகிற யாராலும் அப்படி இரண்டு தடவை இழுக்க முடியாது. 1942-இல் ராபர்ட் இ. ஸ்மித் அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனத்துக்காக வரைந்த, 'பிரஷ் ஸ்கிரிப்ட்' என்றே பெயர் கொண்ட பழைய ஃபான்டில் இந்தத் தொல்லை இவ்வளவு கிடையாது, ஓரமெல்லாம் வழவழப்பு என்பதால் ஒரே டி இரண்டு முறை வந்தாலும் கண்ணை உறுத்தாது. டெக்ஸ்சர், அதாவது இந்தச் சொரசொரப்பு, கைரேகை மாதிரி, எவ்வளவு நிஜமாக இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்கு வழி இல்லாமலும் இல்லை. ஓப்பன்டைப் என்கிற ஃபான்ட் ஃபைல் வகையில் கான்டெக்ஸ்சுவல் ஆல்டர்னேட்ஸ் என்ற வசதி இருக்கிறது, ஒரே எழுத்து அடுத்தடுத்து வந்தால் இரண்டாவதற்கு வேறு வடிவம் தானாக வந்து உட்காரும்படி ஃபான்டுக்குள்ளேயே எழுதி வைத்துவிடலாம். என்னிடம் இருக்கிற ஃபான்டை வரைந்தவர் சிற்றெழுத்து எல்லாவற்றுக்கும் இரண்டாவது வடிவம் வரைந்திருக்கிறார், அதுவும் அழகாக. தானாக மாறும்படி மட்டும் செய்யவில்லை. ஒவ்வொரு தடவையும் ஃபான்டில் உள்ள எல்லா வடிவங்களையும் காட்டும் கிளிஃப் பேனலைத் திறந்து நான்தான் தேடி மாற்ற வேண்டும். அவ்வளவு உழைத்துவிட்டு அந்தக் கடைசி வேலையை விட்டால் எப்படி?

சின்ன அளவில் போடாதீர்கள், கீற்றெல்லாம் அடைத்துக்கொண்டு அழுக்கு மாதிரி இருக்கும். எழுத்து இடைவெளியையும் தொடாதீர்கள், இணைப்பு அறுந்துவிடும்.

அப்புறம் வினைல் ஸ்டிக்கர். போன மாதம் ஒரே ஒரு பெயரை, ஸ்டிக்கரை பிளேடால் வெட்டும் மெஷினான கட்டிங் பிளாட்டருக்கு அனுப்பினேன். ஒவ்வொரு கீறலும் மெஷினுக்குத் தனி வெட்டுக்கோடு, மணல் அளவுப் புள்ளியைக்கூட விடாமல் பிளேடு சுற்றிச் சுற்றி வந்தது. வெட்டி முடித்து இடுக்கியால் தேவையில்லாததை உரித்தால் பாதி எழுத்தும் கூடவே வந்துவிட்டது. இப்போதெல்லாம் எழுத்தை அவுட்லைன் ஆக்கி (வெறும் கோட்டு வடிவமாக மாற்றி), சின்னப் புள்ளிகளை அழித்துவிட்டுத்தான் வெட்டுகிறேன். அழித்த பிறகு இந்த ஃபான்டில் அழகு என்ன மிச்சம் இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் மனசு கேட்கிறது.

இன்றைக்குக் கேட்டால் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். நேற்று ராத்திரி ஒரு தலைப்பில் ஆறு எழுத்தைக் கையால் மாற்றிவிட்டு எழுதுகிறேன், அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. ஆனாலும் அந்தத் தலைப்பை வேறு ஃபான்டில் போட எனக்கு மனசு வரவில்லை, அதையும் சொல்ல வேண்டும். இந்த வகையில் எதை வாங்கினாலும் சரி, விற்கிற பக்கத்தில் எழுதிப் பார்க்கப் பெட்டி இருந்தால் அழகான சொல்லை அடிக்காமல் இரட்டை எழுத்து வருகிற சொல்லை அடித்து, இரண்டாவது டி மாறுகிறதா என்று பாருங்கள்.