டீன் ஆபீஸ் வரை கூட்டிப்போவான், பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் நீட் எழுதின பிள்ளை வீட்டில் இருந்தால் இதைப் படித்துவிடுங்கள். போன வருஷம் மகளுக்கு அரசுக் கல்லூரியில் மெடிக்கல் சீட்டு வாங்கித் தருகிறேன் என்ற ஒருவனிடம் மூன்றரை லட்சம் ரூபாயைத் தொலைத்தவன் எழுதுகிறேன்.

இரண்டாம் சுற்றுக் கலந்தாய்வு முடிந்த வாரம், தூரத்துச் சொந்தம் ஒருவர் மூலம் வந்தான். முகப்பில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே, "அண்ணே, சேர்ந்த பையன் ஜிப்மருக்குப் போயிட்டான், அந்த சீட்டு இப்ப டீன் கையிலதான் இருக்கு" என்றான். சிவகங்கையில் 2012இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்ததிலிருந்து மகளை அங்கே சேர்க்க வேண்டும் என்று என் மனைவிக்கு ஆசை. அங்கே முடியாது, வெளி மாவட்டம்தான் என்றான். ஏமாற்றுகிறவன் கேட்டதையெல்லாம் தருகிறேன் என்பானே, இவன் முடியாது என்கிறானே என்று அதில்தான் பாதி நம்பினேன்.

மீதியை நம்பவைத்தது அவன் சொன்ன வெளி மாவட்டக் கல்லூரியின் மருத்துவமனைக் கட்டடம். ஊர் பெயர் வேண்டாம், அவர்கள் மேல் தப்பில்லை. வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்புமாக வந்தான், ஓ.பி. சீட்டு வரிசைக்குப் பக்கத்துப் பெஞ்சில் எங்களை உட்காரவைத்துவிட்டு மாடி ஏறினான், கால் மணி நேரம் கழித்து ஒரு ஃபைலோடு இறங்கினான். அத்தனை கூட்டத்தில் கோட்டுப் போட்டவனை எந்த வாட்ச்மேன் மறிப்பான்? மேலே கேன்டீன் இருந்தால் டீ குடித்திருப்பான். மனைவியின் வளையலை அடகு வைத்த மூன்று லட்சம் அன்றைக்கே ரொக்கமாக, மறுநாள் ஐம்பதாயிரம் ஜிபேயில், அதுவும் யாரோ ஒரு பெண் பெயருக்கு. அங்கேயாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பத்து நாளில் வாட்ஸ்அப்பில் ஒதுக்கீட்டு ஆணை வந்தது. அதை எடுத்துக்கொண்டு போனால், கல்லூரி அலுவலகத்து அம்மா ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார்: நிர்வாக ஒதுக்கீடு. "கவர்மென்ட் காலேஜில ஏதுங்க மேனேஜ்மென்ட் கோட்டா?"

அப்புறம் அவரே பொறுமையாகச் சொன்னார். அரசுக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீடு, மீதி 85 சென்னையில் மருத்துவ மாணவர் சேர்க்கையை நடத்தும் தேர்வுக்குழு கையில். விலகினவர் இடம் அடுத்த சுற்றுக்குத்தான் போகும். ஆணை நம்முடைய லாகினில்தான் வரும், டீன் அதையும் சான்றிதழையும் சரிபார்த்துச் சேர்ப்பார், அவ்வளவுதான்.

மாவட்டக் குற்றப்பிரிவில் புகார் இருக்கிறது. சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு உடனே அடித்திருந்தால் ஜிபேயில் போனதையாவது முடக்கப் பார்த்திருக்கலாம் என்றார்கள். நான் அடித்தது பன்னிரண்டாம் நாள்.

நேற்று தேவகோட்டையிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். அதே கோட்டு, அதே பெஞ்சு. அவர் இன்னும் பணம் கொடுக்கவில்லை.