தரைக்கு அடியில் கசிவு: "உடைக்காமல் சரிசெய்கிறோம்" என்று சொல்லி 38,500 ரூபாய் பறித்தார்கள்

கைபேசிச் செயலி வழியாக வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் நிறுவனம் ஒன்று எங்களிடம் 38,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, கசிவை நிறுத்தாமலே புகாரை மூடிவிட்டது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவிருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று நேற்று மாலை வந்த குறுஞ்செய்தியைப் படித்ததிலிருந்து கொதித்துப்போயிருக்கிறேன். நடந்ததை எழுதி, இப்படிப்பட்ட கசிவு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

எங்களுடையது மடிப்பாக்கத்தில் 1998-இல் கட்டிய தனி வீடு. அக்கால வழக்கப்படி ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்களைத் தரைக்கு அடியில் மணலில் பதித்து, மேலே கான்கிரீட் போட்டு மூடியிருக்கிறார்கள். உப்புத் தண்ணீர் ஓடும் ஜி.ஐ. குழாய் இத்தனை காலம் தாங்கியதே பெரிது. போன மாதம் கூடத்தில் பூஜையறைப் பக்கம் டைல்ஸ் இடுக்குகள் கறுத்தன. சுவரின் அடியில் பெயின்ட் உப்பி, தொட்டால் வெள்ளைத் தூளாக உதிர்ந்தது. இரவு நிரப்பிய மாடித் தொட்டி, வீட்டில் ஒரு குழாயைக்கூடத் திறக்காமல் காலையில் பாதியாகிவிடும்.

கான்கிரீட்டுக்கு அடியில் இருக்கும் கசிவை இயந்திரம் வைத்துக் கண்டுபிடிப்பதாக அந்தச் செயலியில் போட்டிருந்தார்கள். பதிவு செய்த மறுநாளே ஆள் வந்துவிட்டார். வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு, காலுக்கு உறை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். அம்மாவுக்கு மூட்டு வலி என்று பார்த்த உடனே புரிந்துகொண்டு, "நீங்கள் எழுந்திருக்க வேண்டாம் அம்மா, நாற்காலியோடு நானே நகர்த்திவிடுகிறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் அம்மா உருகிப்போய் அவருக்குக் காபி போடச் சொன்னார். "பாதுகாப்புக்காக" என்று சொல்லி மாடிக்குப் போய்த் தொட்டியின் கேட் வால்வை மூடிவிட்டு வந்தார். பெட்டியிலிருந்து வெப்பக் கேமராவை எடுத்துத் தரையைக் காட்டினார். திரையில் மஞ்சளுக்கு நடுவே நீலத் திட்டு ஒன்று தெரிந்தது. "இதோ பாருங்கள் மேடம், உங்கள் குழாய் இங்கேதான் உடைந்திருக்கிறது."

அடுத்து டைல்ஸ்மேல் ஒரு கருவியை வைத்து, அதன் ஹெட்போனை அம்மாவின் காதிலேயே மாட்டினார். "கேட்கிறதா அம்மா?" அம்மா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ஏதோ இரைகிறது" என்றார். அந்த நிமிடத்தில் எங்கள் முழு நம்பிக்கையும் அவர் கைக்குப் போய்விட்டது. எழுபத்து நான்கு வயதுப் பெண்மணியின் காதில் ஒரு பொய்யை மாட்டிவிட்டுப் போயிருக்கிறான் என்பதைத்தான் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வால்வை மூடிய குழாயில் கசியும் சத்தம் எங்கிருந்து வரும்? அம்மா கேட்டது எதிர் அறையில் ஓடிய மின்விசிறியின் அதிர்வாக இருக்கலாம், தெருவில் போன லாரியாக இருக்கலாம்.

பிறகு பயமுறுத்தல் தொடங்கியது. அஸ்திவாரத்துக்கு அடியில் மண் அரிக்கிறது, தரையை உடைத்தால் கூடம் முழுவதும் டைல்ஸ் மாற்ற வேண்டும், லட்சத்தைத் தாண்டும் என்றார். அவர்களிடம் உடைக்காமல் ரசாயனம் செலுத்தி அடைக்கும் முறை இருக்கிறதாம். கண்டுபிடித்ததற்கு 8,500, அடைப்பதற்கு 30,000, ஆக 38,500 ரூபாய், பத்து வருட உத்தரவாதத்துடன். பணத்தை முழுவதும் செயலியிலேயே கட்டச் சொன்னார், கட்டினோம். டைல்ஸ் இடுக்கில் வரிசையாகத் துளையிட்டு, தேன் நிறத் திரவம் ஒன்றைக் கைப்பம்பால் ஏற்றினார்கள். அது துளை வழியே நுரைத்துப் பொங்கியது. மதியச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்துவிட்டது.

மறுநாள் காலையிலும் தொட்டி பாதிதான். தொலைபேசியில் கேட்டால், ரசாயனம் இறுக ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அதுவும் பொய். அந்த நுரை தண்ணீர் பட்டதும் நிமிடங்களில் கெட்டியாகிவிடும். ஒரு வாரம் கழித்து ஈரம் சமையலறை வாசற்படியில் தலைகாட்டியது. படம் எடுத்து அனுப்பினேன். "இது வேறு கசிவு மேடம், புதிதாகப் பதிவு செய்து ஆய்வுக் கட்டணம் கட்டுங்கள்" என்று பதில். உத்தரவாதம் துளையிட்ட இடத்துக்கு மட்டும்தானாம். மேலதிகாரியிடம் பேச வேண்டும் என்றேன். வந்தவர் எங்கள் ஊழியர் இல்லை, எங்களோடு இணைந்து தொழில் செய்பவர், அவர் வேலைக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார் ஒருவர். பணம் மட்டும் இவர்கள் கணக்குக்குத்தானே போனது? வந்தவரின் எண்ணைச் செயலி மறைத்தே வைத்திருக்கிறது. கடைசியாக ஒரு பெண் மிகக் கனிவாகப் பேசி, அடுத்த சேவைக்கு 500 ரூபாய் தள்ளுபடிக் கூப்பன் தருவதாகச் சொன்னார். 38,500 ரூபாய்க்கு 500 ரூபாய்! அதை வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் அந்தக் குறுஞ்செய்தி வந்தது.

இதற்கிடையில் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் வயதான பிளம்பரைக் கூப்பிட்டோம். அவர் கேமராவும் கொண்டுவரவில்லை, காதில் எதையும் மாட்டவில்லை. மாடியில் குளியலறைக்கும் சமையலறைக்கும் பிரியும் குழாய்களை ஒவ்வொன்றாக மூடி, கைப்பம்பில் தண்ணீர் ஏற்றி அழுத்தமானியைப் பார்த்தார். சமையலறைக் குழாயில் முள் அசையாமல் நின்றது. குளியலறைக் குழாயில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே இறங்கியது. "உடைந்தது இந்த லைன்தான் தாயி. அவர்கள் துளை போட்ட இடத்தில் குழாயே கிடையாது" என்றார். தரைக்கு அடியில் மணல் இருப்பதால், கசிந்த தண்ணீர் பள்ளம் பார்த்து ஓடி, அஸ்திவாரத்துக்கு மேலுள்ள பீமில் முட்டி, எங்கோ ஓர் இடத்தில் மேலே ஏறுமாம். ஈரத் தரை காயும்போது குளிர்வதால் கேமராவில் நீலமாகத் தெரியும். அது ஈரம் இருக்கும் இடமே தவிர, குழாய் உடைந்த இடம் இல்லை. வெந்நீர்க் குழாய் என்றால் அந்தக் கேமரா உண்மையிலேயே உதவும். சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் குழாயில் நல்ல அழுத்தம் வேண்டும். பத்து மீட்டர் உயரத்துக்குத்தான் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். எங்கள் தொட்டி அதில் பாதி உயரம்கூட இல்லை. வால்வைத் திறந்து வைத்திருந்தாலும் கேட்பது கடினம்.

அந்த ரசாயன முறையே மோசடி என்று நான் சொல்லவில்லை. சம்ப் சுவரிலோ நிலவறையிலோ விரிசல் வழியே தண்ணீர் வந்தால் அதை அடைக்க உதவும். குழாயில் ஓட்டை அப்படியே இருக்க, வெளியே மணலில் நுரையை நிரப்பினால் தண்ணீர் வேறு பக்கம் திரும்பும், அவ்வளவுதான். எங்கள் சமையலறை வாசலுக்கு வந்தது அப்படித்தான். பெரியவர் பழைய லைனை இரண்டு பக்கமும் மூடிவிட்டு, சுவரோரமாகப் புதிய சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய் ஓட்டிக் கொடுத்தார். ஒரு டைல்ஸ்கூட உடையவில்லை. சாமான், கூலி எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய். தொட்டி இப்போது குறைவதில்லை.

விரிவாக எழுத இப்போது பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். அழுத்தச் சோதனை செய்து எந்த லைன் என்று காட்டாதவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். குழாயைப் பயன்படுத்தும்போது மட்டும் ஈரம் கூடினால் அது கழிவுநீர்க் குழாயாக இருக்கலாம். அதற்குச் சோதனையே வேறு. வேலை முடிந்து ஓர் இரவு தொட்டி குறைகிறதா என்று பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். உத்தரவாத அட்டையில் "கசிவு நின்றுவிடும்" என்று எழுதியிருக்கிறதா, "துளையிட்ட இடம்" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். உரையாடல்களை உடனுக்குடன் படம் பிடித்து வையுங்கள், புகாரை மூடியதும் எங்களுக்குச் செயலியில் பாதி மறைந்துவிட்டது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட ஆணையத்தில் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம், இரண்டு வருடத்துக்குள். இதே 38,500 கணக்கை வேறு யாரிடமாவது காட்டியிருந்தால் கீழே எழுதுங்கள், மனுவோடு சேர்க்கிறேன்.