ஆர்கைவ் ஸ்டோரேஜ்: வைக்கறது ஈஸி, திரும்ப எடுக்கறப்போ ‘டேஸ்’ல மாட்டிக்காதீங்க (மதிப்பெண் 3/5)

பழைய ப்ராஜெக்ட் வீடியோ, பேக்கப் எல்லாம் ரெண்டு வருஷமா ஒரு கிளவுட் கம்பெனியோட ஆர்கைவ்லதான் (அடிக்கடி தொடாத ஃபைலை கம்மி காசுல வைக்கற இடம்) போட்டு வச்சிருக்கேன், ஒரு ஃபைல் கூட கெட்டதில்ல, பில்லும் சாதாரண ஸ்டோரேஜை விட ரொம்ப கம்மி. அதுல குறையே இல்ல. திரும்ப எடுக்கறப்போதான் தலைவலி.

ஆர்கைவ்ல இருக்கற ஃபைலை நேரா டவுன்லோட் பண்ண முடியாது, முதல்ல ‘ரீஸ்டோர்’ கமாண்ட் குடுத்து வெளிய எடுக்கணும். அந்தக் கமாண்ட்ல ‘டேஸ்’னு ஒண்ணு கேக்கும். எத்தனை நாள்ல வேணும்னு கேக்குறாங்கன்னு நெனச்சு, அவசரமாச்சேன்னு 1 போட்டேன். ஆனா அது வேகம் இல்லங்க, ரீஸ்டோர் ஆகி வர்ற தற்காலிக காப்பி எத்தனை நாள் இருக்கணும்ங்கறது! வெள்ளிக்கிழமை ராத்திரி குடுத்தது சனிக்கிழமை வந்துருச்சு, திங்கக்கிழமை டவுன்லோட் பண்ண உக்காந்தா காப்பி போயிருச்சு, ‘இந்த ஸ்டோரேஜ் கிளாஸுக்கு (ஃபைல் இருக்கற ஸ்டோரேஜ் வகைக்கு) இந்த ஆபரேஷன் செல்லாது’ன்னு எரர். ஒரிஜினல் ஆர்கைவ்ல பத்திரமா இருக்கு, ஆனா மறுபடி ரீஸ்டோர், மறுபடி காசு, மறுபடி காத்திருக்கணும்.

வேகத்துக்கு ‘டியர்’னு (Tier, அதாவது வேக வகை) தனியா ஒண்ணு, அதுவும் கமாண்டுக்குள்ள இன்னொரு பிளாக்ல ஒளிஞ்சிருக்கு. சாதாரண ஆர்கைவ்னா எக்ஸ்பிடைட்டட் 1-5 நிமிஷம் (ரொம்பப் பெரிய ஃபைலுக்கு இந்தக் கணக்கு இல்ல), ஸ்டாண்டர்ட் 3-5 மணி நேரம், பல்க் 5-12 மணி நேரம். டீப் ஆர்கைவ்ல (அதைவிட மெதுவான இன்னொரு ஆர்கைவ் கிளாஸ்) எக்ஸ்பிடைட்டடே கிடையாது, ஸ்டாண்டர்டுக்கு 12 மணி, பல்க்குக்கு 48 மணி வரைக்கும் ஆகும். ஃபைல் எந்த கிளாஸ்ல இருக்குன்னு பாக்காம யாருக்கும் டைம் சொல்லிடாதீங்க.

இன்னொண்ணு, ரீஸ்டோர் முடிஞ்ச பிறகும் ஸ்டோரேஜ் கிளாஸ் ஆர்கைவ்னுதான் காட்டும். நான் வேலையே நடக்கலன்னு பதறிட்டேன். பாக்க வேண்டியது ஆப்ஜெக்டோட (அதாவது அந்த ஃபைலோட) ஹெட்டர்ல, ஃபைலைப் பத்தின தகவல் வர்ற இடத்துல, இருக்கற ரீஸ்டோர் வரி. அதுல ஆங்கோயிங் ரிக்வெஸ்ட் ‘ட்ரூ’ன்னா இன்னும் வந்துட்டு இருக்கு, ‘ஃபால்ஸ்’னு மாறி பக்கத்துல காலாவதி தேதி வந்தா ரெடி. அந்தத் தேதிக்குள்ள அதே கமாண்டை புது டேஸ் போட்டு திரும்ப குடுத்தா காப்பியோட ஆயுசு நீளும், இது உண்மையிலயே நல்ல வசதி, ஆனா எங்கயோ ஒரு மூலையில எழுதி வச்சிருக்காங்க.

அதுக்காக டேஸ்ல 90 போட்டுட்டு விட்டுடாதீங்க, காப்பி இருக்கற நாளெல்லாம் ஆர்கைவுக்கும் காசு, காப்பிக்கு சாதாரண ஸ்டோரேஜ் ரேட்டும் சேர்த்து ஓடும். நிரந்தரமா வெளிய வேணும்னா ரீஸ்டோர் ஆனதும் சாதாரண கிளாஸுக்கு காப்பி பண்ணிடணும்.

ரொம்ப வருத்தம் என்னன்னா, இதே கம்பெனி, ஆயிரக்கணக்கான ஃபைலை மொத்தமா ரீஸ்டோர் பண்ற பேட்ச் வேலையில இதே விஷயத்துக்கு ‘எக்ஸ்பிரேஷன் இன் டேஸ்’னு பேர் வச்சிருக்காங்க. படிச்ச உடனே புரியுது. அந்தப் பேரையே இங்கயும் வச்சிருந்தா அன்னிக்கு எனக்கு ஒரு முழு நாள் வேலை போயிருக்காது.