எக்ஸ்-பிளேனா, மைக்ரோசாஃப்டா, பள்ளியின் பெட்டியா? விமானம் ஓட்டப் பழகுகிறவரின் கணக்கு

இரண்டாவது வகுப்பிலேயே பயிற்றுநர் கையை நீட்டி, என் எதிரே இருந்த ஜி1000 திரையின் வெளிச்சத்தை அடியோடு குறைத்துவிட்டார். வேகம், உயரம், திசை எல்லாம் கறுப்பு. "வீட்டில் சிமுலேட்டர் இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "தெரிகிறது. பத்து நிமிடமாக நீங்கள் வெளியே பார்க்கவே இல்லை."

தெற்குக் கலிஃபோர்னியாவில் டாரன்ஸ் விமான நிலையத்திலிருந்து செஸ்னா 172இல் பழகிக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஒரு பக்கம் பசிஃபிக் கடல், கீழே பாலோஸ் வெர்டிஸ் குன்றுகள். நானோ வீட்டுப் பழக்கத்தில் முள்ளையும் எண்ணையும் துரத்திக்கொண்டிருந்தேன். அதன்பின் பிரைவேட் பைலட் உரிமம் வாங்கி, இப்போது மேகத்துக்குள் கருவிகளை மட்டுமே நம்பி ஓட்டும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்குப் படிக்கிறேன். இடையில் வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்களான மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர், எக்ஸ்-பிளேன் 12, பள்ளியில் உள்ள அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பெட்டி மூன்றிலும் உட்கார்ந்தாயிற்று. எங்கள் பள்ளியில் 172இன் வாடகை மணிக்கு 190 டாலர், பயிற்றுநருக்குத் தனியாக 80. அந்தச் செலவில் எந்தப் பகுதியை வீட்டு மேசை மிச்சப்படுத்தும் என்பதுதான் என் கேள்வி. காட்சி எவ்வளவு அழகு என்பது வேறு விஷயம்.

கைக்கு: மூன்றுமே தோல்வி

ட்ரிம் சக்கரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிஜ செஸ்னாவில் மேலே ஏறும்போது யோக்கை, அதாவது விமானத்தை இயக்கும் கைப்பிடியை, இழுத்துப் பிடித்திருக்கிறோம், முன்கை கனக்கிறது. சக்கரத்தைக் கீழ்நோக்கிச் சுற்றச் சுற்ற அந்தக் கனம் கரைந்து, ஒரு கட்டத்தில் விமானம் இரண்டு விரலில் நிற்கும். யோக் இருந்த இடத்திலேயே இருக்கும், பாரம் மட்டும் போய்விடும். வீட்டு யோக்குக்குள் இருப்பது ஒரு ஸ்பிரிங். அதற்கு வேகமும் தெரியாது, ட்ரிம்மும் தெரியாது. இங்கே சக்கரத்தைச் சுற்றினால் கையில் எதுவும் மாறாது, திரையில் மூக்குதான் எழும்பும். உடனே யோக்கை நடுவுக்கு விட்டாக வேண்டும். நிஜத்தில் அசையாமல் பிடிக்க வேண்டிய நேரத்தில் விட்டுவிடக் கை பழகிக்கொள்கிறது. எனக்கு இந்தப் பழக்கம் போகவே மூன்று வகுப்புகள் ஆயின. பாரத்தைக் கையில் உணர்த்தும் மோட்டார் வைத்த யோக்குகள் இருக்கின்றன. அவற்றின் விலைக்கு நிஜ விமானத்தையே பல மணி நேரம் ஓட்டிவிடலாம்.

தரையிறக்கமும் அப்படித்தான். ஓடுபாதைக்கு இருபது அடி மேலே மூக்கை மெல்ல உயர்த்தும் அந்தச் சில நொடிகளில் கண் பார்ப்பது பாதையின் தொலைவு முனையை. உயரத்தைச் சொல்வதோ கடைக்கண்ணில் எழுந்து வரும் தரை. ஒற்றைத் திரைக்குக் கடைக்கண் கிடையாது. விஆர் கண்ணாடி மாட்டினால் கொஞ்சம் தேவலை. இறங்கும் சுற்றில் தோளுக்குப் பின்னால் ஓடுபாதையைத் திரும்பிப் பார்த்து வளைவதற்கும் அது உதவும். ஆனால் சுவிட்சுகளைத் தேடிக் கை காற்றில் துழாவும்.

காலால் பெடலை மிதித்து மூக்கை இடவலமாகத் திருப்பும் ரட்டர் விஷயத்தில் மட்டும் எக்ஸ்-பிளேனுக்கு அரை மதிப்பெண் கூடுதல். முழுத் த்ராட்டிலில் செஸ்னாவின் மூக்கு இடப்பக்கம் இழுக்கும், வலது காலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். எக்ஸ்-பிளேன் இறக்கையையும் புரொப்பெல்லரையும் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றின் மேலும் உண்டாகும் விசையைக் கணக்கிடுகிறது. அதில் இந்த இழுப்பு தெளிவாகத் தெரியும். என் கணக்கில் கொஞ்சம் அதிகமாகவே தெரியும். மைக்ரோசாஃப்டில் சாதுவாக இருக்கிறது. எதை வாங்கினாலும் அமைப்புகளுக்குள் போய்த் தானியங்கி ரட்டரை முதலில் அணைத்துவிடுங்கள். அதை விட்டுவைத்து நூறு மணி நேரம் ஓட்டியவருக்கு வலது கால் என்ற ஒன்றே இருக்காது. யோக்குக்கும் பெடலுக்கும் சேர்த்துப் பணம் இல்லையென்றால் முதலில் பெடலை வாங்குங்கள் என்பேன்.

முதல் தனிப்பறப்பு வரை வீட்டில் விமானம் ஓட்டாமல் இருப்பதே நல்லது என்று பயிற்றுநர் சொன்னபோது மனசு கேட்கவில்லை. இப்போது நானும் அதையேதான் சொல்கிறேன். அந்தக் கட்டத்தில் சிமுலேட்டரை நிறுத்தி வைத்து, செக்லிஸ்டைக் கையில் எடுத்து, எந்த சுவிட்ச் எங்கே என்று திரையில் தொட்டுத் தொட்டுப் பழகினால் போதும். ஜி1000இன் குமிழ்களை ஓடும் எஞ்சினோடு, வாடகை மீட்டர் சுற்றச் சுற்றக் கற்பதைப் போல வீண்செலவு வேறில்லை. இதற்கு இரண்டு மென்பொருளும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல.

கருவிகளுக்கு: எக்ஸ்-பிளேன்

சிமுலேட்டர் பிறந்ததே இதற்குத்தான். எட்வின் லிங்க் 1929இல் செய்த நீலப் பெட்டிக்கு வெளிக்காட்சியே கிடையாது. 1934இல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் சுமக்கப் போய், கெட்ட வானிலையில் கருவிப் பயிற்சி இல்லாமல் அடுத்தடுத்து விழுந்து இறந்தார்கள். அதன் பிறகுதான் ராணுவம் அந்தப் பெட்டிகளில் ஆறை வாங்கியது. உள்ளே மூடி வைத்து, முள்ளை மட்டும் பார்த்து ஓட்டப் பழக்கினார்கள். இரண்டாவது வகுப்பில் என்னிடம் குறையாக இருந்தது இங்கே முழுத் தகுதி.

எக்ஸ்-பிளேனில் எனக்குப் பிடித்தது அழுக்கான ஒரு விஷயம்: வேக்குவம் பம்ப் சாவது. பழைய கடிகார முகக் கருவிகள் உள்ள 172இல் விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவியும் திசை காட்டும் கருவியும் வேக்குவம் பம்ப் இழுக்கும் காற்றால் சுழலும் கைரோ என்ற சக்கரத்தில் ஓடுபவை. நிஜ விமானத்தில் இந்தக் கோளாறைப் பழக்க, பயிற்றுநர் கருவி முகத்தின் மேல் ஒரு ரப்பர் மூடியை ஒட்டுவார். எது கெட்டுப்போனது என்று அவரே காட்டிக் கொடுத்துவிடுகிறார், மிச்சத்தை வைத்து ஓட்டினால் சரி. எக்ஸ்-பிளேனில் அப்படி இல்லை. பம்ப் செத்த பின்னும் கைரோ கொஞ்ச நேரம் சுழன்றுகொண்டிருக்கும். பிறகு மெதுவாக வேகம் இழந்து, சாய்வுக் கருவி துளித்துளியாக ஒரு பக்கம் சரியும். நானும் அதை நம்பி எதிர்ப்பக்கம் சாய்த்தேன். விமானம் திரும்புவதைக் காட்டும் டர்ன் கோஆர்டினேட்டர் திரும்புகிறது என்கிறது, திசைமுள் வேறொன்று சொல்கிறது, உயரம் இறங்குகிறது. எது பொய் சொல்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் 900 அடி போய்விட்டது. இந்த ஒரு பாடத்தில் வீட்டு மேசை நிஜ விமானத்தையே தோற்கடிக்கிறது.

இதன் கோளாறுப் பட்டியல் நீளமானது. இன்ன வேகத்தில், இத்தனை நிமிடம் கழித்து, அல்லது எப்போது என்று தெரியாமல் என்று எதையும் கெடுக்கலாம். ஓடுபாதைக்குப் பத்து மைல் முன்னால் நேரே கொண்டுபோய் வைக்கச் சொல்லலாம். தப்பு செய்தால் நிறுத்தி, காபி குடித்து, மறுபடி அதே பத்து மைல். ஒரு மாலையில் எட்டு முறை ஐஎல்எஸ் அணுகுமுறை, அதாவது ஓடுபாதையில் இருந்து வரும் ரேடியோ அலையைப் பின்பற்றி இறங்கி வருவது, ஓட்டியிருக்கிறேன். நிஜத்தில் அதற்கு அரை நாளும் ஆயிரம் டாலரும் வேண்டும். ஐபேடில் உள்ள ஃபோர்ஃபிளைட் என்ற விமானிகளின் வரைபடச் செயலிக்கும் நேரடியாக இடத்தை அனுப்பும் என்பதால் வரைபடம் புரட்டும் பழக்கமும் சேர்ந்தே வருகிறது. மேக், லினக்ஸ் கணினிகளிலும் ஓடும். மைக்ரோசாஃப்ட், கணினி என்றால் விண்டோஸ் மட்டும்தான்.

கண்ணுக்கு: மைக்ரோசாஃப்ட்

2020 பதிப்பு வந்தபோதே தரைக்காட்சிப் போட்டி முடிந்துவிட்டது. பிங் வரைபடத்தின் வான்படங்களை இணையத்தில் இருந்து இழுத்து, நெடுஞ்சாலைச் சந்திப்பு, நீர்த்தேக்கம், கிடங்குக் கூரை எல்லாம் அதது அதனதன் இடத்தில். தரை அடையாளங்களை வைத்து வழி கண்டுபிடிக்கும் பயிற்சிக்கு இது பெரிய வரம். எக்ஸ்-பிளேனின் இயல்பான தரைக்காட்சியில் சாலைகள் சரியாக இருக்கும், ஊர் மட்டும் ஏதோ ஓர் ஊர் போல இருக்கும். வான்படங்களைச் சேர்க்க வழி உண்டு, ஆனால் வட்டில் இடமும் பொறுமையும் நிறைய வேண்டும்.

எங்கள் கடற்கரைக்கு எதிரே உள்ள கேட்டலீனா தீவுக்கு முதல்முறை போவதற்கு முன் மைக்ரோசாஃப்டில் நான்கு தடவை போய்வந்தேன். 1,602 அடி உயரத்தில், இரண்டு குன்றுகளின் தலையைச் சீவி அமைத்த ஓடுபாதை அது. 22 என்ற எண் உள்ள முனையில் இறங்கும்போது பாதை முதலில் மேட்டில் ஏறும், மறுமுனை கண்ணில் படாது. ஓடுபாதை அவ்வளவுதானோ என்று பிரேக்கை மிதித்துவிடத் தோன்றும். தீவின் வடிவம், எந்தக் குன்றுக்குப் பின்னால் பாதை இருக்கிறது, எங்கே திரும்ப வேண்டும் எல்லாம் வீட்டிலேயே பழகிவிட்டது. நிஜத்தில் அந்த விளிம்பை நெருங்கும்போது காற்று கீழே அமுக்கியதே, அதை வீட்டு நாற்காலி சொல்லித் தரவில்லை. பக்கத்து இருக்கையில் பயிற்றுநர் இருந்தது நல்லதாகப் போயிற்று.

ஒரு எச்சரிக்கை. 2024 பதிப்பு முன்னைவிட அதிகமாக இணையத்தை நம்பியிருக்கிறது. அந்த ஆண்டு நவம்பர் 19 வெளியீட்டு நாளில் சர்வர்கள் திணறி, பலருக்கு 97 சதவீதத்தில் திரை உறைந்து நின்றது ஊரறிந்த கதை. இப்போது நிலைமை தேறிவிட்டது. ஆனால் இணையம் மெதுவான வீட்டில் இதை நம்பிப் பயிற்சி நேரம் குறிக்க வேண்டாம்.

வேறு இரண்டு சிமுலேட்டர்களையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். லாக்ஹீட் மார்ட்டினின் பிரீபேர்3டி, மைக்ரோசாஃப்டின் பழைய நிரலில் இருந்து வளர்ந்தது. பயிற்சி நிறுவனங்களுக்குச் சரி, இன்று வீட்டுக்குப் புதிதாக வாங்கக் காரணம் தெரியவில்லை. ஃபிளைட்கியர் 1997இல் இருந்து இலவசம், திறந்த மூலம். காசில்லாத மாணவர் தரையில் உள்ள ரேடியோ நிலையத்தை வைத்து வழி காட்டும் விஓஆர் முள் எப்படி நகரும் என்று பார்த்துக்கொள்ளத் தாராளமாகப் போதும்.

காதுக்கு: இரண்டுக்கும் வெளியே ஒன்று

என்னைக் கேட்டால் கற்பவர் செலவழிக்க வேண்டிய முதல் பணம் இங்கேதான். விமானம் ஓட்டுவதைவிட ரேடியோவில் பேச அதிகம் பயந்தேன். யாரை அழைக்கிறோம், நாம் யார், எங்கே இருக்கிறோம், என்ன வேண்டும்: நான்கே தகவல். குளிக்கும்போது கச்சிதமாக வரும். பொத்தானை அழுத்தியதும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். டாரன்ஸில் 29 இடது, 29 வலது என்று இணையான இரண்டு ஓடுபாதைகள். ஒருநாள் கட்டுப்பாட்டுக் கோபுரமான டவர் இடது என்றது, நான் வலது என்று திருப்பிச் சொன்னேன். அவர் நிதானமாகத் திருத்தினார். எனக்கு வீடு வரும்வரை காது சூடாகவே இருந்தது.

இரு மென்பொருளின் உள்ளே இருக்கும் தானியங்கி கட்டுப்பாட்டாளர்களும் இதற்கு உதவாதவர்கள். பட்டியலில் சொல்ல வேண்டியதைத் தேர்ந்தால் போதும் என்னும்போது பயம் எங்கிருந்து வரும்? சிமுலேட்டர் ஓட்டுகிறவர்களோடு நிஜ மனிதர்கள் கட்டுப்பாட்டாளராகப் பேசும் இணைய வலைகள் உண்டு. வேட்சிம் இலவசம், உலகம் முழுவதும் தன்னார்வலர்கள் நடத்துவது, 2001இல் இருந்து இருக்கிறது. ஆனால் செவ்வாய் இரவு உங்கள் ஊர் டவரில் ஆள் இருப்பாரா என்பது அதிர்ஷ்டம். பைலட்எட்ஜ் மாதச் சந்தாவுக்கு நடப்பது. அங்கே கட்டுப்பாட்டாளர்கள் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் காலை 8 மணி முதல் இரவு 11 மணி வரை அழைத்தால் பதில் வரும். எளிதில் தொடங்கிப் படிப்படியாகக் கடினமாகும் தேர்வுப் பறப்புகளும் வைத்திருக்கிறார்கள். ஒன்றில் தவறிவிட்டால் ஏன் என்று பிறகு சொல்வார்கள். இரண்டு மாதத்தில் என் நாக்கு அவிழ்ந்தது அங்கேதான். மைக்ரோசாஃப்ட், எக்ஸ்-பிளேன் இரண்டோடும் சேரும், அதனால் மென்பொருள் தேர்வுக்கு இது ஒரு காரணமாகாது.

ஊரில் இருந்து அமெரிக்காவுக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம். அங்கே ஹெக்டோபாஸ்கலில் கேட்டுப் பழகிய காற்றழுத்தத்தை இங்கே பாதரச அங்குலத்தில், மூச்சுவிடாமல் சொல்வார்கள்.

பதிவேட்டுக்கு: பெட்டி மட்டும்

வீட்டில் ஆயிரம் மணி நேரம் ஓட்டினாலும் விமானியின் பறப்பு நேரப் பதிவேட்டில் ஒரு நிமிடம்கூட ஏறாது. அமெரிக்காவில் விமானத்துறை ஆணையமான எஃப்ஏஏவின் ஒப்புதல் கடிதம் உள்ள கருவிதான் செல்லும். மென்பொருள் மட்டும் போதாது, யோக், பெடல், பொத்தான்கள் எல்லாம் சேர்ந்த முழு அமைப்புக்குத்தான் அந்த ஒப்புதல். பல பெட்டிகளின் உள்ளே ஓடுவதும் எக்ஸ்-பிளேனோ பிரீபேர்3டியோதான் என்பது வேடிக்கை. பிரைவேட் உரிமத்துக்கான 40 மணியில் இதில் இரண்டரை மணி மட்டுமே ஏற்பார்கள், அதற்காக அலைய வேண்டாம். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கில்தான் லாபம்: தேவையான 40 மணியில் அடிப்படைப் பெட்டி என்றால் 10 வரை, மேம்பட்டது என்றால் 20 வரை பயிற்றுநரோடு ஓட்டிக் கணக்கில் சேர்க்கலாம். ரேட்டிங் வாங்கிய பின், ஆறு மாதத்துக்குள் ஆறு அணுகுமுறை என்ற விதியையும் இதில் தனியாகவே பூர்த்தி செய்துகொள்ளலாம். இந்தியாவில் அதே வேலையைப் பார்க்கும் டிஜிசிஏவும் தான் ஒப்புக்கொண்ட கருவியின் நேரத்தைத்தான் எடுத்துக்கொள்ளும்.

எங்கள் பள்ளியில் பெட்டி மணிக்கு 75 டாலர். அதன் தரைக்காட்சி பத்து வருடம் பழையது. மேகத்துக்குள் அது யாருக்கு வேண்டும்? வீட்டில் எக்ஸ்-பிளேனில் அதே அணுகுமுறையை நாலு தடவை உருட்டிவிட்டுப் பெட்டிக்குப் போனால், அங்கே பயிற்றுநரின் நேரம் என் தப்புகளுக்கு மட்டும் செலவாகிறது. குமிழ் எங்கே என்று தேடுவதற்கு ஆவதில்லை.

இது ஜூன் மாதம். கடலோரம் முழுக்கக் காலையில் தாழ்ந்த மேகம் மூடிவிடுகிறது. கண்ணால் பார்த்து ஓட்டுகிறவர்கள் பதினொரு மணி வரை ஹாங்கரில் காபியோடு நிற்கிறார்கள். சனிக்கிழமை எட்டரைக்கு 172ஐப் பதிவு செய்திருக்கிறேன், பயிற்றுநரோடு லாங் பீச் ஓடுபாதை 30க்கு ஐஎல்எஸ். இன்றிரவு எக்ஸ்-பிளேனில் மேகத்தை 300 அடிக்கு இறக்கி, வேக்குவம் பம்ப்பை எப்போது வேண்டுமானாலும் சாகலாம் என்று வைத்துவிட்டு, அதையே ஓட்டப் போகிறேன். பைலட்எட்ஜ் பதினொன்றுக்கு மூடிவிடும், அதற்குள் ஆரம்பிக்க வேண்டும்.