நேரத்தோடு மாறும் சர்க்யூட்டுக்கு எல்டிஸ்பைஸ் போதுமா?

அனலாக் டிவைசஸ் இலவசமாகத் தரும் எல்டிஸ்பைஸ் என்ற சர்க்யூட் சிமுலேஷன் மென்பொருளைப் பெரும்பாலும் பவர் சப்ளை சிமுலேஷனுக்குத்தான் பயன்படுத்துகிறார்கள். கெபாசிட்டர், காயில் மதிப்பே நேரத்தோடு மாறுகிற சர்க்யூட்டுக்கு இது தாங்குமா என்றால், டிரான்சியன்ட் அனாலிசிஸ் (நேரம் நகர நகர வோல்டேஜ், கரண்ட் எப்படி மாறுகிறது என்ற கணக்கு) வரை தாராளமாகத் தாங்கும், அதற்கு மேல் கையை விரித்துவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்த வசதி, கெபாசிட்டருக்கு மதிப்பு எழுதும் இடத்தில் அதன் மின்னூட்டத்தையே நேரம் கலந்த ஒரு சமன்பாடாக எழுதிவிடலாம். காயிலுக்கு அதே மாதிரி ஃப்ளக்ஸ். கெபாசிட்டன்ஸ் மாறும்போது கரண்ட் என்பது கெபாசிட்டன்ஸ் பெருக்கல் வோல்டேஜ் மாறும் வேகம் மட்டுமல்ல, வோல்டேஜ் பெருக்கல் கெபாசிட்டன்ஸ் மாறும் வேகமும் அதில் சேரும். கையால் மாடல் கட்டுகிறவர்கள் இந்த இரண்டாவதை விட்டுவிட்டு, எனர்ஜி கணக்கு உதைக்கிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். மின்னூட்டமாக எழுதினால் அந்தத் தொல்லையே கிடையாது.

சோதிக்க எளிய சர்க்யூட்: 1 மில்லிஹென்றி, 1 நானோஃபாரட், 10 ஓம், மூன்றும் தொடராக. ரெசனன்ஸ், அதாவது அது இயல்பாக அலையும் ஃப்ரீக்வன்சி, சுமார் 159 கிலோஹெர்ட்ஸ், கியூ (அலைவு எவ்வளவு மெதுவாக அடங்கும் என்பதன் அளவு) 100. கெபாசிட்டன்ஸை ரெசனன்ஸின் இரட்டிப்பில், 318 கிலோஹெர்ட்ஸில், ஆட்ட வேண்டும். தியரிப்படி அலைவு தானாக வளர, ஆட்டத்தின் அளவு இரண்டை கியூவால் வகுத்தால் வருவதைத் தாண்ட வேண்டும், அதாவது 2 சதவீதம். 1.5 வைத்தால் அலை செத்துவிடுகிறது, 3 வைத்தால் சோர்ஸே இல்லாத சர்க்யூட்டில் கிடுகிடுவென ஏறுகிறது! ஆனால் தொடக்கத்தில் ஒரு மைக்ரோவோல்ட்டாவது கொடுங்கள், நிஜ சர்க்யூட்டில் இருக்கும் நாய்ஸ் இங்கே இல்லாததால் பூஜ்ஜியம் பூஜ்ஜியமாகவே கிடக்கும். அப்புறம், அதிகபட்ச டைம் ஸ்டெப்பை 20 நானோசெகண்ட் அளவில் கட்டிப்போடுங்கள், கியர் என்ற கணக்கிடும் முறையைத் தொடாதீர்கள், அது தன் பங்குக்கு அலையை அமுக்கும், 2 சதவீதத்துக்கு அருகில் வேலை செய்யும்போது முடிவே மாறிவிடலாம். எஃப்எஃப்டி (அலையில் எந்த ஃப்ரீக்வன்சி எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவது) பார்ப்பதாக இருந்தால், புள்ளிகளைக் குறைத்துச் சேமிக்கும் வேவ்ஃபார்ம் கம்ப்ரஷனையும் அணைத்துவிடுங்கள்.

இனி குறை. ஒவ்வொரு ஃப்ரீக்வன்சிக்கும் சர்க்யூட்டின் ரெஸ்பான்ஸைக் காட்டும் ஏசி அனாலிசிஸ் எல்லாவற்றையும் ஒரு நிலையில் உறைய வைத்துத்தான் கணக்குப் போடும், ஆகவே ஒரு ஃப்ரீக்வன்சி இன்னொன்றாக மாறுவது அதில் தெரியவே தெரியாது. காந்தமில்லாத சர்க்குலேட்டர் (சிக்னலை ஒரே திசையில் அடுத்த போர்ட்டுக்கு அனுப்பும் சாதனம்) மாதிரி ஒன்றுக்கு எஸ்-பாராமீட்டர், அதாவது ஒவ்வொரு போர்ட்டிலும் எவ்வளவு சிக்னல் கடக்கிறது, திரும்புகிறது என்ற அளவு, வேண்டுமென்றால், ஒவ்வொரு ஃப்ரீக்வன்சிக்கும் டிரான்சியன்ட் ஓட்டி, எஃப்எஃப்டி எடுத்து, நீங்களே புள்ளி புள்ளியாகக் கோக்க வேண்டியதுதான். அந்த வேலை அடிக்கடி வரும் என்றால், ஹார்மானிக் பேலன்ஸ் (பல ஃப்ரீக்வன்சிகளை ஒரே கணக்கில் சேர்த்துத் தீர்க்கும் முறை) உள்ள மென்பொருளுக்குக் காசு செலவழிப்பதே மேல்.