சாக்கடைக்கு மீட்டர் எங்கே? ஆஸ்டின் நகரத்தின் ஒற்றை பில்

மாமனார் மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டினில் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வாரமே அடுக்களை மேஜையில் கிடந்த பில்லை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கரண்ட், தண்ணீர், கழிவுநீர், குப்பை, மழைநீர் வடிகால், எல்லாம் ஒரே பில்லில். மூன்று ஆபீசுக்கு மூன்று கார்டு வைத்துப் பழகியவருக்கு அதுவே பெரிய அதிசயம்.

"ஏம்மா, கரண்டுக்கு மீட்டர் இருக்கு, தண்ணிக்கு மீட்டர் இருக்கு. சாக்கடைக்கு மீட்டர் எங்கே?"

பத்து வருடமாகப் பணம் கட்டும் எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றைக்குத்தான் அந்த வரியை ஒழுங்காகப் படித்தேன்.

சாக்கடைக்கு மீட்டரே கிடையாது. நவம்பர் நடுவிலிருந்து மார்ச் நடு வரை யாரும் புல்லுக்குத் தண்ணீர் விடமாட்டார்கள், குழாயில் வருவதெல்லாம் சாக்கடைக்குத்தான் போகும் என்று ஒரு கணக்கு. அந்தக் குளிர்கால சராசரிதான் வருடம் முழுவதற்கும் கழிவுநீர்க் கட்டணத்தின் உச்சவரம்பு. ஒரு மாதம் அதைவிடக் குறைவாகத் தண்ணீர் செலவழித்தால் அந்தக் குறைந்த அளவுக்குத்தான் கட்டணம். ஜூலையில் தோட்டத்துக்கு எவ்வளவு விட்டாலும் அது கழிவுநீரில் ஏறாது. நியாயமான ஏற்பாடு.

ஆனால் எங்கள் சராசரி இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு ஒத்தே வரவில்லை. மாமா எழுந்துபோய் கேசரிப் பவுடரை ஃபிளஷ் டேங்கில் ஒரு சிட்டிகை போட்டுவிட்டு வந்தார். கால் மணி நேரத்தில், யாரும் ஃபிளஷ் பண்ணாமலே கீழே கோப்பையில் ஆரஞ்சு நிறம். டேங்கின் அடியில் இருக்கும் ரப்பர் மூடி தேய்ந்து குளிர்காலம் முழுக்க ஒழுகியிருக்கிறது. சத்தமே இல்லை. தப்பு முழுக்க என்னுடையது. சில டாலர் ரப்பரை மாற்றாததற்கு அடுத்த சராசரி வரும்வரை தண்டம் கட்டினேன்.

இப்போது டிஜிட்டல் தண்ணீர் மீட்டர் வைத்துவிட்டார்கள். 'மை ஏடிஎக்ஸ் வாட்டர்' தளத்தில் மணிவாரியாகத் தண்ணீர்க் கணக்கு தெரியும், விடாமல் ஓடினால் தகவல் வரும். இந்த ஒன்றுக்காகவே நான்கு நட்சத்திரம் கொடுப்பேன்.

கரண்டைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. டெக்சாஸில் 2002-ல் மின்சாரச் சந்தையைத் திறந்துவிட்டார்கள். ஹூஸ்டனில் இருக்கும் தோழி அடிக்கடி கம்பெனி கம்பெனியாக ரேட் பார்த்து மாற்றிக்கொண்டே இருப்பாள். ஆஸ்டின் அதில் சேரவில்லை, நகரத்தின் 'ஆஸ்டின் எனர்ஜி' ஒன்றுதான். வேறு வழியில்லை என்பது குறைதான், ஆனால் என் சோம்பலுக்கு அது வசதி. யூனிட் ஏற ஏற ரேட்டும் ஏறும், நம்ம ஊர் மாதிரியே. ஆகஸ்டில் ஏசி ஓடும்போது மட்டும் பில்லைத் திறக்க மனசு வராது.

தண்ணீர் கொலராடோ ஆற்றிலிருந்து வருகிறது. கிராண்ட் கேன்யனில் ஓடும் கொலராடோ இல்லை, டெக்சாஸுக்குள்ளேயே பிறந்து கடலில் சேரும் வேறு ஆறு. சாக்கடையில் போனது என்னாகிறது என்று மாமா விடாமல் கேட்டதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹார்ன்ஸ்பி பெண்ட் என்ற நகரத்தின் கழிவு நிலையத்துக்கே கூட்டிப்போனேன். ஊர்க் கழிவின் கசடு அங்கே உரமாகிறது. அதன் குளங்களைச் சுற்றிப் பறவை பார்க்க வருகிறவர்கள் பைனாகுலரோடு நிற்கிறார்கள்! மாமா முதலில் மூக்கைப் பொத்தினார், அப்புறம் வாத்து எண்ண ஆரம்பித்துவிட்டார்.

பில்லில் இன்னொரு வரியையும் பாருங்கள். வடிகால் கட்டணம், மழைநீர் மண்ணில் இறங்காதபடி உங்கள் மனையில் கூரையும் கான்கிரீட்டும் எவ்வளவு இடத்தை மூடியிருக்கின்றன என்பதை வைத்துப் போடுவது. கொல்லையில் சிமெண்ட் தளம் போடும் யோசனையைக் கைவிட்டேன்.

போன வாரம் மாமா வாட்ஸ்அப்பில் கேட்டார்: "நவம்பர் வந்திருச்சே, கேசரிப் பவுடர் போட்டியாம்மா?"

போட்டாச்சு. மாடி பாத்ரூமில் லேசாக ஆரஞ்சு தெரிகிறது. சனிக்கிழமை ரப்பர் வாங்கப் போகணும்.