நீட் வருஷத்தில் பாட்டும் படமும்: நிறுத்துவதா, தினம் அரை மணியா, வாரம் ஒரு நாளா?

நீட் தேர்வில் 180 கேள்விகள், 180 நிமிடங்கள், 720 மதிப்பெண்கள். நன்றாக வீணை வாசிக்கிற பிள்ளைக்கும் வீணையைத் தொட்டே பார்க்காத பிள்ளைக்கும் கணக்கு ஒன்றுதான். எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கு இங்கே பொதுவாக நேர்காணல் கிடையாது, உன் கலையைக் காட்டு என்று யாரும் கேட்கப்போவதில்லை. அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பவர்கள் தங்கள் கலை ஈடுபாட்டையும் எழுத இடம் உண்டு. அங்கிருந்து வருகிற "ஹாபியை விடாதே, அட்மிஷனுக்கு உதவும்" என்ற அறிவுரை நம் ஊருக்குப் பொருந்தாது. இங்கே ஒரு பிள்ளை நீட்டுக்குப் படித்துக்கொண்டே கலையையும் வைத்துக்கொள்கிறது என்றால், அது அந்தக் கலை மேல் உள்ள பிரியத்துக்காக மட்டும்தான். அந்தப் பிரியத்தை மதித்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் வயலின் சொல்லிக்கொடுப்பவன். ஏப்ரல் வந்தால் பெற்றோர் சொல்வது இதுதான்: "பன்னிரண்டாவது வந்தாச்சு சார், நீட் முடிஞ்சதும் திரும்ப அனுப்புறோம்." அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோச்சிங்குக்குக் கட்டிய பணம், சீட் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம், எல்லாம் நியாயமானவை. ஆனால் திரும்ப வந்த பிள்ளைகள் குறைவு. படிப்புதான் அவர்களைக் கலையிலிருந்து பிரித்தது என்று எல்லாரும் சொல்கிறார்கள். நிறுத்திய விதத்துக்கும் அதில் பெரிய பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன். வீடுகளில் நடைமுறையில் இருக்கிற வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது புரியும்.

முழுசாக நிறுத்திவிடுவது

இதில் ஒரு வசதி இருக்கிறது. தினமும் பேரம் கிடையாது. "இன்னிக்கு வாசிக்கலாமா வேண்டாமா" என்ற கேள்வியே எழாது. அம்மா அப்பாவுக்கும் நிம்மதி. எதைத் தொட்டாலும் அதிலேயே மூழ்கிவிடுகிற பிள்ளைகள் சிலர் உண்டு. தூரிகையை எடுத்தால் நான்கு மணி நேரம் போனதே தெரியாது. அப்படிப்பட்டவர்களுக்குக் கடைசி ஓரிரு மாதங்கள் மட்டும் முழு நிறுத்தம் சரியாக இருக்கலாம்.

ஆனால் வருஷம் முழுக்க என்றால் கஷ்டம். "ஒரு வருஷம்தானே" என்பது ஒரு வருஷத்தோடு முடிவதில்லை. முதல் தடவை ரேங்க் வரவில்லை என்றால் மறுபடி நீட் எழுதுகிற ரிப்பீட்டர் வருஷம் ஒன்று சேரும். சீட் கிடைத்தால் முதலாம் ஆண்டில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் மூன்றும் ஒன்றாக வந்து உட்காரும். எம்.பி.பி.எஸ். பயிற்சி ஆண்டையும் சேர்த்து ஐந்தரை வருஷம். அது முடியும் முன்பே மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு பற்றிய பேச்சு தொடங்கிவிடும். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பதினேழு வயதில் மூடி வைத்த வயலினை இருபத்தைந்து வயதில் திறந்தால், உள்ளே இருப்பது ஒரு மரப்பெட்டி மாதிரிதான் தோன்றும். கை மறந்திருக்கும். விரல் நுனியில் இருந்த காய்ப்பு போயிருக்கும், சுரத்தை அசைத்து வாசிக்கிற கமகம் பிடிக்காது. அதைவிட மோசமானது, நன்றாக வாசித்த நினைவு மட்டும் மிச்சம் இருப்பது. பழைய தரத்தையும் இப்போதைய தரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து மனம் விட்டுப்போய்ப் பெட்டியை மூடிவிடுகிறார்கள்.

நிறுத்தியதால் மிச்சமான நேரம் இயற்பியலுக்குப் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் இல்லை. பள்ளி விட்டு வந்த களைப்பில் அந்த அரை மணி எப்படியும் ஓய்வாகத்தான் கழியும். முன்பு கையில் வில் இருந்தது, இப்போது போன் இருக்கும்.

பெற்றோர் அதிகம் யோசிக்காத ஒன்று இன்னும் இருக்கிறது. கோச்சிங்கில் வாரா வாரம் டெஸ்ட். சரியான விடைக்கு 4, தவறான விடைக்கு ஒன்று கழியும். அவசரத்தில் நான்கைந்து கேள்விகள் சறுக்கினால் மதிப்பெண் சட்டென்று இறங்கும். கலை, விளையாட்டு, நட்பு எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்ட பிள்ளைக்கு, தான் எதற்காவது லாயக்கானவன் என்று சொல்ல அந்த டெஸ்ட் மதிப்பெண்ணைத் தவிர வேறு எதுவும் இல்லை. மதிப்பெண் குறைந்த வாரத்தில் அந்தப் பிள்ளை எதைப் பிடித்துக்கொள்ளும்? மாலையில் வர்ணம் என்கிற பயிற்சி உருப்படி ஒன்றை இரண்டு காலத்தில், அதாவது இரண்டு வேகத்தில், பிசிறில்லாமல் வாசிக்க முடிகிற பிள்ளைக்கு அந்த வாரமும் கடந்துபோகும். இதை நான் மனதார நம்புகிறேன். முழு நிறுத்தத்தை நான் எதிர்ப்பதற்கு முதல் காரணமும் இதுதான்.

தினம் அரை மணி

வாரத்தில் ஆறு நாள், தினம் அரை மணி என்று வைத்தால் மூன்று மணி நேரம். ஒரு முழு மாக் டெஸ்ட் எழுதுகிற நேரம். வாரத்துக்கு இதற்கு மேல் போகாது என்று சொன்னால் பல பெற்றோர் ஒத்துக்கொள்கிறார்கள். அளவு தெரியாததுதான் அவர்களுக்குப் பயமாக இருந்திருக்கிறது.

உடம்பு பழக வேண்டிய கலைகளுக்கு இந்த வழிதான் பொருத்தம். வாத்தியம், குரல், பரதம். வயலினுக்கு அரை மணியில் என்ன முடியும்? சுருதி சேர்க்க ஐந்து நிமிடம். நீளமாக வில் போட்டு தொடக்கப் பாடமான சரளி வரிசை மூன்று காலம், அப்புறம் தாளப் பயிற்சியான அலங்காரம் ஒன்று, மீதி நேரத்துக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு வர்ணம். புதுக் கீர்த்தனை வேண்டாம். புதிதாகப் பாடம் ஆரம்பித்தால் அது நாள் முழுக்க மண்டையில் ஓடிக்கொண்டிருக்கும், வேதியியலுக்கு நடுவில் வந்து நிற்கும். தெரிந்ததைத் தேய்த்துச் சுத்தமாக்குகிற வருஷமாக இதை வைத்துக்கொள்ளலாம். இப்படி வைத்துக்கொண்ட பிள்ளைகளின் சுருதி சுத்தம் கூடியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். பரதத்துக்கும் அப்படியே, புது உருப்படி இல்லாமல், முழங்காலை மடித்து நிற்கிற அரைமண்டியும் அடிப்படை அசைவுகளான அடவுகளும் போதும். மிருதங்கக்காரர்களுக்கு ஒரு சிரமம் உண்டு: தொப்பி என்கிற இடது பக்கத்தில் ரவை பிசைந்து ஒட்டி எடுக்கவே நேரம் போகும். தினம் வேண்டாம் என்று தோன்றினால் மற்ற நாட்களில் தாளம் போட்டு, வாசிப்பை வாயால் சொல்கிற சொற்கட்டைச் சொல்லிப் பார்ப்பது நல்ல சாதகம், அதாவது பயிற்சி.

எந்த நேரம் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. பள்ளியிலிருந்து வந்து ஏதாவது சாப்பிட்ட பிறகு, புத்தகத்தை எடுப்பதற்கு முன்பு. விடியற்காலைச் சாதகம் நம் மரபில் உயர்ந்ததுதான், ஆனால் இந்த ஒரு வருஷம் அந்த நேரத்தை இயற்பியல் கணக்குக்கு விட்டுக்கொடுக்கலாம். தூக்கத்தில் மட்டும் கை வைக்கவே கூடாது. பகலில் படித்தது மனதில் தங்கத் தூக்கம் வேண்டும். இரவு பதினொரு மணிக்கு மேல் உட்கார்ந்து வாசிக்கிற பிள்ளை படிப்பிலும் நஷ்டப்படும், வாத்தியத்திலும் நஷ்டப்படும்.

இந்த வழியின் பலவீனம், அரை மணி ஒரு மணியாக நீள்வது. அலாரம் வைத்து, அடித்ததும் பெட்டியில் வைத்துவிட வேண்டும். ஒரு நாள் விட்டுப்போனால் அடுத்த நாள் சேர்த்து வாசிக்கவும் வேண்டாம். அப்படிச் சேர்க்கத் தொடங்கினால் அதுவும் முடிக்காத பாக்கியாக, ஒரு பேக்லாக் ஆகிவிடும். பாடத்தில் இருக்கிற பேக்லாக் போதாதா?

வாரம் ஒரு நாள்

கதை, கவிதை எழுதுகிறவர்களுக்கும் வாட்டர்கலர் போடுகிறவர்களுக்கும் அரை மணி என்பது தொந்தரவுதான். தாளை ஒட்டி, வண்ணம் குழைத்து, ஒரு அடுக்கு காய்வதற்குள் அலாரம் அடித்துவிடும். எழுதுகிறவர்களுக்கு மனம் கதைக்குள் போகவே இருபது நிமிடம் ஆகும். இவர்களுக்கு வாரத்தில் ஒரே மூச்சாக இரண்டரை மணி நேரம் கிடைப்பது தினசரி அரை மணியைவிட எவ்வளவோ மேல். ஒரு சிறு நோட்டு மட்டும் பையில் இருக்கட்டும், பேருந்தில் தோன்றியதை இரண்டு வரி குறித்துவைக்க.

ஆனால் பலரும் ஞாயிறு மதியத்தை இதற்கு ஒதுக்குகிறார்கள், அங்கேதான் முட்டுகிறது. நீட் தேர்வு நடப்பது மதியம் 2 மணி முதல் 5 மணி வரை, வழக்கமாக மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. அதனால் மாக் டெஸ்ட்டையும் அதே நாளில் அதே நேரத்தில் வைக்கிறார்கள், உடம்பு அந்த நேரத்துக்குப் பழக வேண்டும் என்று. அதை விட்டுக்கொடுக்க முடியாது. டெஸ்ட் முடிந்த மாலையிலும் தப்பான கேள்விகளைத் திரும்பப் பார்க்கிற வேலை இருக்கும். சனிக்கிழமை மாலைதான் நல்லது.

வாத்தியத்துக்கு இந்த வழி சரிவராது. ஆறு நாள் இடைவெளிக்குப் பிறகு முதல் ஒரு மணி நேரம் கையை மீட்கவே போய்விடும், வாசித்த சந்தோஷம் வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். குழுவாகச் செய்கிற நாடகம், சேர்ந்திசை மாதிரியானவற்றுக்கு வாரம் ஒரு நாளைத் தவிர வேறு வழியும் இல்லை.

படிப்போடு கலையைச் சேர்ப்பது

"படம் வரையப் பிடிக்குமா? சிறுநீரகத்தின் நெஃப்ரானை வரை, இதயத்தின் குறுக்குவெட்டை வரை." கோச்சிங் ஆசிரியர்கள் விரும்பிச் சொல்கிற யோசனை இது. 180 கேள்விகளில் 90 உயிரியல் என்பதால் வரையத் தெரிந்த பிள்ளைக்கு இது கைகொடுக்கவே செய்யும். பின்னால் எம்.பி.பி.எஸ். முதலாம் ஆண்டில் திசுப்படங்களை இளஞ்சிவப்பு, ஊதா பென்சில்களில் வரைந்து ரெக்கார்டு முடிக்கும்போதும் அந்தக் கை உதவும். தனிம வரிசையை மெட்டுப் போட்டுப் பாடி மனப்பாடம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். தாராளமாகச் செய்யட்டும். அதையே கலைக்கு ஒதுக்கிய நேரம் என்று கணக்குக் காட்டுவதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. நெஃப்ரான் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் புத்தகம் தீர்மானித்துவிட்டது, அதில் பிள்ளை தீர்மானிக்க எதுவும் இல்லை. தான் நினைத்ததைத் தான் நினைத்தபடி செய்து பார்க்கிற இடம் ஒன்று வேண்டும் என்பதற்காகத்தானே கலை? இது படிக்கும் முறைகளில் ஒன்று, அவ்வளவுதான்.

நான் தேர்ந்தெடுப்பது

வாத்தியம், பாட்டு, நடனத்துக்குத் தினம் அரை மணி. எழுத்துக்கும் வண்ணத்துக்கும் சனிக்கிழமை மாலை. பென்சில் ஓவியக்காரர்கள் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் எந்த வழியானாலும், இந்த வருஷம் நிறுத்த வேண்டிய ஒன்று உண்டு: மேடை. பெற்றோர் கலையை நிறுத்தும்போது உண்மையில் அவர்களைப் பயமுறுத்தியது சாதகம் இல்லை. அரங்கேற்றத்துக்கு மாதக்கணக்கில் ஒத்திகை, போட்டிக்கு வெளியூர்ப் பயணம், கிரேடு தேர்வு, வீடியோ எடுத்து ஏற்றிவிட்டு எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பது. நேரத்தையும் மனதையும் தின்பவை இவைதான். மார்கழிக் கச்சேரிகள் களைகட்டுகிற டிசம்பரில்தான் அரையாண்டுத் தேர்வும் வருகிறது. அந்த மாதம் மேடை ஏற வேண்டாம், ஒரு சாயங்காலம் போய்க் கேட்டுவிட்டு வரலாம். இதைக் கலை ஆசிரியர்களும் ஒத்துக்கொள்ள வேண்டும். "மேடை ஏறாவிட்டால் கிளாஸுக்கே வர வேண்டாம்" என்று சொல்லும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். மாதம் ஒரு தடவை வரட்டும், தப்பைத் திருத்தி அனுப்புகிறேன் என்று சொல்ல நமக்கு ஏன் முடியாது?

சீர்காழி சிவசிதம்பரம் மருத்துவப் பேராசிரியர், பாடகர். சுதா சேஷய்யன் உடற்கூறியல் பேராசிரியர், மருத்துவப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர், தமிழ்ச் சொற்பொழிவாளர். சாய் பல்லவி ஜார்ஜியாவில் மருத்துவம் படித்தவர், நடனம் தெரிந்த நடிகை. "அவங்க ரெண்டையும் பார்த்துக்கிட்டாங்களே" என்று பிள்ளையிடம் இவர்களைக் காட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. நாம் பார்ப்பது அவர்கள் மருத்துவத்துக்குள் போன பிறகு உள்ள வாழ்க்கையை. பதினேழு வயதில், சீட்டு கிடைக்குமா என்று தெரியாத பிள்ளைக்கு வேண்டியது அரை மணியும், அந்த நேரத்தில் யாரும் கதவைத் தட்டாத வீடும்தான்.

பிப்ரவரி, மார்ச்சில் செய்முறைத் தேர்வும் பொதுத் தேர்வும் வரும்போது அரை மணியைக் கால் மணியாகக் குறைத்துக்கொள்ளலாம். ஏப்ரலில் சாதகம்கூட வேண்டாம், பிடித்ததை மட்டும் வாசிக்கட்டும். விடுதியோடு சேர்ந்த கோச்சிங்கில் இருக்கிற பிள்ளைக்கு வாத்தியம் கொண்டுபோக அனுமதி இருக்காது. பாடுகிற பிள்ளையாக இருந்தால் மெல்லிய குரலில் ஒரு ராகம், வரைகிற பிள்ளையாக இருந்தால் ஒரு சின்ன ஸ்கெட்ச் நோட்டு, அவ்வளவுதான் சாத்தியம். வீட்டில் நிற்கிற வயலினுக்கு வில்லின் முடியைத் தளர்த்தி வையுங்கள். தந்திகளைச் சற்றுத் தளர்த்தினால் போதும். எல்லாவற்றையும் ஒரேயடியாக அவிழ்த்துவிட்டால் தந்திகளைத் தாங்குகிற குதிரை சாய்ந்து, உள்ளே இருக்கிற சின்னக் கம்பும் விழுந்துவிடும். தேர்வு முடிந்து கவுன்சிலிங் வரை கிடைக்கிற வாரங்களில் மேடையைத் திரும்பக் கொண்டுவரலாம். நிறுத்தி வைத்த அரங்கேற்றத்துக்குத் தேதி குறிக்க வேண்டுமானால் ஆசிரியரிடம் இப்போதே பேசி வைத்துவிடுங்கள்.